எந்தக் கோயிலுக்கு முடி கொடுத்தே?

கார்த்திகை மாதத்தில் சுடிதாரின் இடுப்பு நாடா போதாமல் போனது. சாப்பாடு குறைந்துகொண்டே போயிற்று, வயிறு மட்டும் கூடிக்கொண்டே போயிற்று. மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வயது. ஒரு இட்லிக்கு மேல் இறங்காதவளுக்கு வயிறு ஏன் பெருக்கிறது, எங்கேயோ கணக்கு உதைக்கிறதே என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்கும். என்னைச் சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு விடைதான் இருந்தது.

கேஸ்.

அம்மா ஓமத்தண்ணீர் கொதிக்க வைத்தாள். ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெருங்காயத்தை மோரில் போட்டுக் குடி, ராத்திரி உருளைக்கிழங்கை நிறுத்து, உட்கார்ந்து திருத்துவதைக் குறை. கடைத்தெருவில் இருந்த டாக்டர் என் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "டீச்சருங்க எல்லாருக்கும் இதே பிரச்சனைதாம்மா. நேரத்துக்குச் சாப்பிடுறதில்ல, டீயக் குடிச்சே ஓட்டுறீங்க" என்று மாத்திரை எழுதினார். மாத்திரை தீர்ந்ததும் போய் நின்றால் அதே மாத்திரையை மறுபடி எழுதினார்.

அடிக்கடி ஒன்றுக்கு வேறு வந்தது. ஆசிரியைகளுக்கான கழிவறை சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி இருந்தது. வகுப்பு நடுவில் நான் போய்வருவதைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "பீரியட் நடுவுல போறதக் கொஞ்சம் கொறச்சுக்கங்க மிஸ். பிள்ளைங்க சிரிக்குது." நானும் சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முக்கோணங்களை நிரூபித்தேன்.

மார்கழியில் நாள் தள்ளிப்போனது. என் நாள் கணக்கு என்னைவிட அம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, "வா, லேடி டாக்டர்கிட்ட காட்டிருவோம்" என்று ஒரு நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனாள்.

வாசலில் சீட்டு எழுதிய பெண் கேட்டாள், "மேரீடா?"

"இல்ல."

எடை பார்த்த பெண்ணும் அதையே கேட்டாள். சிறுநீர் பிடிக்க டப்பா கொடுத்த நர்ஸும் கேட்டார். டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போன நர்ஸ் சிறிது நேரத்தில் வெளியே வந்தார். கையில் கர்ப்பம் பார்க்கிற அட்டை இருந்தது. என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"மேரீடு இல்லன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நோயாளி நான். வெளியே உட்கார்ந்திருந்ததும் நான். கதவு திறந்து அம்மா வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. எத்தனை வாரம்னு பாத்துருவோம்."

ஸ்கேன் எடுக்கும் இடம் அடுத்த தெருவில் இருந்தது. அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே ஒரு தம்ளர் தண்ணீருக்கு இடமில்லாத வயிறு. பெஞ்சு முழுக்க நிறைமாதப் பெண்கள், கூட அவர்களின் மாமியார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் அம்மா என் காதோரம் குனிந்தாள்.

"யாரு?"

"என்ன யாரு?"

"யாருன்னு மட்டும் சொல்லு. நான் அப்பாகிட்ட பக்குவமா பேசிக்கிறேன்."

"யாருமில்லம்மா."

"யாருமில்லாம எப்படிடி ரெண்டு கோடு வரும்? அந்த சயின்ஸ் வாத்தியாரா? வண்டியில கொண்டாந்து விட்டானே ஒருநாள்?"

"மழை பேஞ்சுதும்மா. பஸ் வரல. அவருக்குக் கல்யாணமாயி பிள்ளை இருக்கு."

"அய்யோ, கல்யாணமானவனா?" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

எதைச் சொன்னாலும் அது இன்னொரு சாட்சியமாக மாறியது. எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் உச்சந்தலை வரை ஏறி நின்றது. பக்கத்திலிருந்த பெண்ணின் மாமியார் எங்களைப் பார்த்துப் புன்னகைத்து, "தலைப் பிரசவமா?" என்று விசாரித்தார். அம்மா ஆமாம் என்பது போலவும் இல்லை என்பது போலவும் தலையை ஆட்டி வைத்தாள்.

ஸ்கேன் டாக்டர் வயதானவர். வயிற்றில் ஜில்லென்று பசையைத் தடவி, கருவியை அழுத்தி, திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். இந்தப் பக்கம் அழுத்தினார், அந்தப் பக்கம் அழுத்தினார். பிறகு அம்மாவை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

"கர்ப்பமெல்லாம் இல்லம்மா. சினைப்பையில கட்டி இருக்கு. பெருசா இருக்கு. வயித்துல தண்ணியும் கோத்திருக்கு."

அம்மா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "கட்டிதானா டாக்டர்? நல்லாப் பாத்தீங்களா? வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்ல. கட்டிதான்."

அம்மா இரண்டு கைகளையும் கூரையை நோக்கிக் கூப்பினாள். "ஆத்தா, காப்பாத்திட்டே."

டாக்டர் அவளையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "சீக்கிரமா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மா எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். எதிர்க்கடையில் நின்று, முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, "குடிம்மா, குடி" என்று கெஞ்சினாள். அவள் முகம் ஜுரம் விட்ட மாதிரி இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கெட்டுப்போனவளாக இருந்த நான் இப்போது மறுபடி அவள் பெண்ணாகிவிட்டேன். அதற்கு நான் கொடுத்த விலை என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்த ரோஸ் மில்க்கை அந்தக் கோபத்தோடேயே குடித்தேன். பாதி குடிப்பதற்குள் வயிறு அடைத்துக்கொண்டது.

நர்சிங் ஹோமுக்குத் திரும்பிப் போனபோது டாக்டரம்மா ஸ்கேன் காகிதத்தைப் படித்துவிட்டு, "சில வகைக் கட்டி அந்த ஹார்மோனைச் சுரக்கும். அதான் கார்டுல அப்படிக் காட்டிருச்சு" என்றார். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. மழை பெய்தால் தரை ஈரமாகும் என்பது போலச் சொன்னார். மன்னித்துக்கொள் என்று அவரும் சொல்லவில்லை, அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸும் சொல்லவில்லை. "தஞ்சாவூர் போங்க. தள்ளிப் போடாதீங்க."

தஞ்சாவூருக்கு அப்பாவும் வந்தார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், குத்தகைக்குக் கொஞ்சம். சம்பா அறுவடைக்கு மெஷின் சொல்லிவைத்திருந்தார். அது எங்கள் ஊருக்கு வரும் வாரமும் என் ஆபரேஷன் வாரமும் ஒன்றாக அமைந்தது. ரத்தப் பரிசோதனை, பெரிய ஸ்கேன் எல்லாம் முடிந்து, புற்றுநோய் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசும்போது அப்பாவின் போன் அடித்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் பேசி முடித்தும் உள்ளே வரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டவர்கள் நானும் அம்மாவும்தான்.

"இது கேன்சர்தான்மா" என்றார் டாக்டர் என்னைப் பார்த்தே. எல்லோரும் அம்மாவிடமே பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களில் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் ஆள் அவர். "சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு வர்ற வகை. மருந்துக்கு நல்லாக் கேக்கும். கட்டி இருக்கிற பக்கத்துச் சினைப்பைய எடுக்கணும். அடுத்த பக்கம் நல்லாருந்தா அதையும் கர்ப்பப்பையையும் தொட மாட்டோம். அப்பறம் கீமோ."

எனக்குக் கேட்க நிறைய இருந்தது. அம்மா முந்திக்கொண்டாள்.

"கல்யாணம் பண்றதுக்கு ஒண்ணும் தடை இல்லையே டாக்டர்? குழந்தை பொறக்கும்ல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மொதல்ல பொண்ணு நல்லாருக்கணும்மா. அதப் பாப்போம்."

ஆபரேஷனுக்கு முன்பும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மயக்க மருந்து கொடுக்க வந்தவர், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர், ரத்தம் எடுக்க வந்த பெண், எல்லோரும் கேட்டார்கள். "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" தேவைப்பட்டவர்கள் கேட்டிருக்கலாம். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கு அது எதற்கு? விளக்குகளுக்குக் கீழே படுத்துக்கொண்டு, இனி யார் கேட்டாலும் ஆகிவிட்டது, நாலு பிள்ளை என்று சொல்லிவிடலாம் என்று யோசித்தது நினைவிருக்கிறது. அதற்குள் மயக்கம் வந்துவிட்டது.

கண் விழித்தபோது அப்பா கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். சட்டையெல்லாம் நெல் சுணை. கழுத்தைச் சொறிந்துகொண்டே, "ஒரு பக்கம்தான் எடுத்துருக்காங்க. இன்னொண்ணு நல்லாருக்காம்" என்றார். பிறகு வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "நெல்லு ஈரமில்லாம வந்துருச்சு" என்றார். அந்த ஆபத்தில் எனக்கு நெல்லின் ஈரப்பதம் தெரிய வேண்டியிருந்ததா? ஆனால் அன்றைக்கு யாரிடமிருந்தும் வராத ஆறுதல் ஏனோ அவரிடமிருந்துதான் வந்தது.

ஊருக்கு அம்மா சொன்ன பெயர் அப்பெண்டிக்ஸ். புற்றுநோய் என்ற சொல் எங்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்று அப்பாவிடமும், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அண்ணன் வாயைக் கட்டிக்கொண்டான், விரலைக் கட்டவில்லை. மஞ்சள் தின்றவர், பட்டினி கிடந்தவர், கோமியம் குடித்தவர் என்று குணமானவர்களின் வீடியோக்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான்.

கீமோவுக்கு ஒவ்வொரு தடவையும் சில நாள் தங்க வேண்டும். அங்கேதான் அந்த அக்காவைப் பார்த்தேன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். அவள் அம்மா அப்பா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் படிக்கவைத்த பெண். அவளே கிராம நர்ஸாக வேலை பார்க்கிறாள். முப்பதைத் தாண்டி ஓரிரண்டு வயது, பள்ளிக்குப் போகிற ஒரு பெண் குழந்தை. அவளுக்கும் சினைப்பைதான், ஆனால் வேறு வகை. இரண்டு பக்கமும் கர்ப்பப்பையும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

"உனக்குப் பரவால்ல, ஒண்ண விட்டுவச்சிருக்காங்க" என்றாள் முதல் நாளே. "எனக்கு ஒரே நாள்ல அம்பது வயசாயிருச்சு. திடீர்னு உள்ளேருந்து அனல் அடிக்கிது பாரு, அடுப்புக்குள்ள தலைய விட்ட மாதிரி. ஃபேனப் போட்டா மாமியார் போர்வையோட எந்திரிச்சு வந்து நிறுத்துறாங்க. குளுருதாம். நான் போட, அவங்க நிறுத்த, நான் போட."

"என்ன விஷயம்னு சொல்ல வேண்டியதுதானேக்கா?"

"சொன்னேனே. அதெல்லாம் எங்களுக்கு வராததா, நாங்கள்லாம் ஃபேன் போட்டா படுத்தோங்கிறாங்க."

"நீங்க நர்ஸுதானே. நீங்க சொன்னாக்கூடக் கேக்க மாட்டாங்களா?"

"ஊருக்குத்தான் நர்ஸு. வீட்டுக்கு மருமக." வாந்தி வாளியைக் காலால் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "நானே என் வயித்த கேஸுன்னு நெனச்சு எத்தனை மாசம் மாத்திரை முழுங்கினேன் தெரியுமா? ஊர்ல அத்தனை பொம்பளைக்கும் அட்வைஸ் பண்ணிட்டு."

அவளிடம் பேசினால் எனக்கு எரிச்சல் குறையவில்லை. ஆனால் எரிச்சலுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தாள்.

இரண்டாவது கீமோவுக்கு முன்பே தலையணையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. குளியலறை வடிகாலை அடைத்தது, சோற்றில் வந்தது. ஒரு காலையில் பொறுக்க முடியாமல், அண்ணன் அப்பாவுக்கு வாங்கி அனுப்பிய டிரிம்மரை எடுத்துக்கொண்டு கொல்லையில் போய் உட்கார்ந்தேன். அம்மா அதைப் பிடுங்கி, அவளே மழித்துவிட்டாள். முடிந்ததும் தலை எரிகிறது என்றேன். உள்ளே போய்ச் சந்தனத்தை உரைத்துக்கொண்டு வந்து தலை முழுக்கப் பூசினாள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுக்காரம்மா கறிவேப்பிலை கேட்டு வந்துவிட்டார். சந்தனம் பூசிய மொட்டைத் தலையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, முடி எறக்கியாச்சா! எந்தக் கோயிலுக்கு?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சமயபுரத்துக்கு."

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டுக்காரம்மா என் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்ல மனசும்மா உனக்கு. இந்தக் காலத்துப் பொண்ணுங்க யாரு இவ்ளோ முடிய மனசார குடுக்குது?"

அவர் போனதும் கத்தினேன். "ஏம்மா பொய் சொல்ற?"

"பொய் என்ன பொய்? நான் வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ நல்லானதும் போயி எறக்குறதா வேண்டுதல். முன்னாடியே எறங்கிருச்சு, அவ்வளவுதான்."

இந்தத் தர்க்கத்துக்கு எந்த வகுப்பில் பாடம் இருக்கிறது?

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்தக் கேள்விதான். மருந்துக்கடையில், பஸ்ஸில், பால் வாங்கும் இடத்தில். வேறு ஊராக இருந்தால் மொட்டையடித்த பெண்ணைப் பார்த்து என்ன உடம்புக்கு என்று கேட்பார்களோ என்னவோ. எங்கள் பக்கத்தில் மொட்டை என்றால் கோயில்தான். அம்மா யார் யாருக்கு என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. சித்தியிடம் வேளாங்கண்ணி என்றிருக்கிறாள். பள்ளியிலிருந்து விசாரிக்க வந்த டீச்சரிடம் வைத்தீஸ்வரன் கோயில். கேட்டவர்கள் எல்லோருக்கும் அடுத்த கேள்வியும் ஒன்றுதான். என்ன வேண்டுதல்? கல்யாணமாகாத பெண்ணுக்கு வேறென்ன வேண்டுதல் இருக்க முடியும்? அடுத்த வீட்டுக்காரம்மா பேராவூரணியில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாக ஜாதகத்தோடு வந்துவிட்டார். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்து, நாக்கில் இரும்பு ருசியோடு நான் உள்ளறையில் படுத்திருக்க, கூடத்தில் எனக்கு நட்சத்திரப் பொருத்தம் பார்த்தார்கள். அம்மாவும் உட்கார்ந்து பார்த்தாள்!

கடைசி கீமோ முடிந்து, உடம்பு கொஞ்சம் தேறி வந்த வைகாசியில் அப்பாவுக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று அண்ணன் முன்பே ஏற்பாடு செய்திருந்தான். நான் வரவில்லை என்றேன். "பெத்த பொண்ணு இல்லாமயா?" என்றாள் அம்மா. "அப்ப யாராவது கேட்டா உண்மையச் சொல்லு" என்றேன். "யாரு கேக்கப்போறா, அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

அன்றைக்கு அந்தக் கோயிலில் எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள். பிராகாரம் முழுக்க வயதான மாப்பிள்ளைகளும் மணப்பெண்களும். ஒரு பக்கம் ஹோமப் புகை, ஒரு பக்கம் போட்டோக்காரர்களின் அதட்டல். அம்மாவும் அப்பாவும் பலகையில் உட்கார, நாங்கள் ஒவ்வொருவராகக் கலசத் தண்ணீரை அவர்கள் தலையில் ஊற்றினோம். எனக்கு அப்போது தலையில் பூனை முடி மாதிரி முளைத்திருந்தது. துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தேன். குடத்தைத் தூக்கும்போது அது நழுவி விழுந்தது.

அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, அதற்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார்.

"ஆமா, நானும் கேக்கணும்னு இருந்தேன். எந்தக் கோயிலுக்கு முடி குடுத்தா இவ? எங்கிட்ட சமயபுரம்னு சொன்னே. உன் தங்கச்சி வேளாங்கண்ணிங்கிறா. ஒரு தலைக்கு எத்தனை கோயிலு?"

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா நனைந்த பட்டுப்புடவையோடு, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, "அது வந்து அண்ணி, ரெண்டு எடத்துலயும்..." என்று இழுத்தாள்.

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

"எந்தக் கோயிலுக்கும் இல்ல அத்தை" என்றேன். "கேன்சர். சினைப்பையில. ஆபரேஷன் பண்ணி ஒரு பக்கம் எடுத்தாச்சு. மருந்து ஏத்துனதுல முடி கொட்டிருச்சு. அப்பெண்டிக்ஸ் இல்ல, வேண்டுதல் இல்ல, ஒண்ணும் இல்ல."

ஐயர் மந்திரத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் எதிர்பார்த்தது ஒரு மௌனம். எங்கள் சொந்தத்தில் அப்படியெல்லாம் மௌனம் வராது.

"முள்சீத்தா இலையக் காய்ச்சிக் குடிக்கணும்" என்றார் அத்தை உடனே. கண்ணில் தண்ணீர் தளும்பியது, வாய் நிற்கவில்லை. "எங்க ஊர்ல ஒருத்தன் அதுலயே எழுந்து உக்காந்துட்டான்."

"கர்ப்பப்பை இருக்குல்ல?" என்று யாரோ ஒரு மாமி கேட்டார்.

"ஃபிரிஜ் தண்ணி குடிப்பாளா? அதான்" என்றார் இன்னொருவர்.

நான் கை கழுவும் இடத்துக்கு நடந்துவிட்டேன். பின்னாலேயே சித்தி பெண் வந்தாள். என்னைவிட இளையவள், கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, எனக்கும் கொஞ்ச நாளா வயிறு உப்பிக்கிட்டே இருக்கு. சாப்பிடவே முடியல. அதான் விசேஷமான்னு மாமியார் தினம் கேக்குறாங்க. இல்லன்னு ஆயிடுச்சு. அப்பவும் வயிறு அப்படியேதான் இருக்கு."

"ஸ்கேன் எடு."

"மாமியார் எதுக்குன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்டி! கேட்டா வயிறு வலிக்குதுன்னு சொல்லு. அதுக்குக்கூட பர்மிஷனா?" நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குழாயிலிருந்த வேறு குடும்பத்து மணப்பெண் ஒருவர் பல்செட்டைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

அவள் எடுத்தாள். அடுத்த வாரம் போன் செய்தாள். "ஒண்ணுமில்லையாம்க்கா. உண்மையாவே கேஸுதானாம். நீங்க இருந்தாலும் ரொம்ப பயமுறுத்திட்டீங்க" என்று குறைப்பட்டாள். போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன். சிரித்தால் இன்னமும் தையல் போட்ட இடம் இழுத்தது.

திருக்கடையூரிலிருந்து திரும்பும்போது வேனில் நானும் அம்மாவும் கடைசி இருக்கை. மயிலாடுதுறை தாண்டியும் அவள் கல்யாணக் கோலத்திலேயே இருந்தாள். மாலையைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? என் கல்யாணத்தன்னிக்கு?"

"உன்னைய முன்னாடியே சொல்லச் சொன்னேனே."

"சொல்றது உனக்கு ஈஸி." மாலையிலிருந்து ஒரு இதழைப் பிய்த்தாள். "அன்னிக்கு ஸ்கேன்ல கட்டின்னு சொன்னதும் நான் என்ன பண்ணேன்னு உனக்கு ஞாபகம் இருக்குதானே."

நான் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிச் சாத்தினேன்.

"கை எடுத்துக் கும்பிட்டேன். புள்ளைக்கு இவ்ளோ பெரிய கட்டி, நான் 'ஆத்தா, காப்பாத்திட்டே'ன்னு கும்பிட்டேன். அந்த நிம்மதிக்குத்தான் அவ என்னைத் தண்டிச்சிட்டா. சாதாரணக் கட்டியா இருந்தத கேன்சராக்கிட்டா."

எனக்கு என்ன வந்திருக்க வேண்டும்? அவளைக் கட்டிக்கொண்டு அழ வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். "அம்மா, கட்டி கார்த்திகையிலேருந்து இருக்கு. நீ கும்பிட்டது பொங்கலுக்கப்பறம். முன்னாடியே இருந்தத நீ பின்னாடி கும்பிட்டு எப்படி மாத்த முடியும்? கொஞ்சமாவது கணக்கு வேணாமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா?" என்று சீறினாள். "தெரிஞ்சா மட்டும் மனசு கேக்குதா?"

முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பாமலே, "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா வாங்களேன்" என்றார். சும்மா வந்தோம். கும்பகோணத்துக்கு முன்னால் அவள் தூங்கிவிட்டாள். பட்டுப்புடவை ஈரம் என் தோளிலும் ஊறியது. அவள் தலை கனத்தது, நகர்த்தவில்லை.

அதன் பிறகு அம்மா பொய் சொல்வதை நிறுத்திவிட்டாள். இப்போது பிரச்சனை நேர் எதிர். சொல்லாத ஆளில்லை. பேராவூரணி மாப்பிள்ளை வீட்டுக்கு அவளே போன் போட்டு, நமஸ்காரம்கூடச் சொல்லாமல், "பொண்ணுக்குக் கேன்சர் வந்து சரியாயிருக்கு, சம்மதம்னா மேல பேசுவோம்" என்றாள். அவர்கள் மேலே பேசவில்லை. "போறாங்க போ" என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு அந்த மாப்பிள்ளையின் முகம்கூடத் தெரியாது.

பள்ளிக்குத் திரும்பினேன். முடி சுருட்டையாக முளைத்தது, எனக்கு எப்போதும் இல்லாத சுருட்டை. திருத்துறைப்பூண்டி அக்கா மருந்து முடிந்து வேலைக்குப் போகிறாள். அவள் வீட்டுக்காரர் அவளுக்கென்று ஒரு மேசை ஃபேன் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். மாமியார் இப்போது அந்த ஃபேன் முன்னால்தான் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாராம். அதைச் சொல்லித் திட்டுவதற்காகவே எனக்குப் போன் செய்கிறாள்.

போன ஆடியில் பரிசோதனைக்காகத் தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் குறுவைப் பயிர் பச்சையாக நின்றது. நான் ஜன்னலோரம், நடுவில் அம்மா. அந்தப் பக்கம் ஒரு நடுத்தர வயதுப் பெண், மடியில் வாழைத்தார். நீடாமங்கலம் கேட்டில் ரயிலுக்காகப் பஸ் நின்றது. அதற்குள் அம்மா என் சினைப்பை வரலாறு முழுவதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லி முடித்திருந்தாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர்கூட டிக்கெட் பையை இறுக்கிக்கொண்டு நின்று கேட்டார்.

"அம்மா, போதும்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இரு." அவள் அந்தப் பெண்ணின் பக்கம் இன்னும் திரும்பி உட்கார்ந்தாள். "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"ரெண்டு இருக்குங்க. பெரியவ காலேஜ் படிக்கிறா."

"வயிறு உப்புது, சாப்பிட முடியலன்னு சொன்னா கேஸுன்னு விட்றாதீங்க. கொண்டு போயி காட்டுங்க. அங்க நர்ஸு வேற எதாவது சொன்னாலும் மொதல்ல பொண்ணு சொல்றத நம்புங்க."

அந்தப் பெண்ணுக்குக் கடைசி வாக்கியம் புரிந்திருக்காது. தலையாட்டினார். வாழைத்தாரிலிருந்து ஒரு சீப்பைத் திருகிப் பிய்த்து அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா அதில் ஒரு பழத்தை உரித்து என் கையில் திணித்தாள். எனக்குப் பசியில்லை என்றேன். பசியில்லை என்று நான் சொன்னால் இப்போதெல்லாம் அவள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும்.

முழுப் பழத்தையும் தின்றேன். கேட் திறந்து பஸ் கிளம்பியது.